கல் ஓரிடம், கல்லறை ஓரிடம்

சென்னை ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் தூய மரியாள் ஆலயத்தின் முற்றத்தில் நூற்றுக்கு மேற்பட்ட கல்லறைப் பலகைகள் தரையோடு தரையாகப் பாவப்பட்டிருக்கின்றன. பெயர், பதவி, குடும்பச் சின்னம், இறந்த ஆண்டு என்று எல்லாம் ஒழுங்காகச் செதுக்கியிருக்கிறது. இலத்தீன், ஆங்கிலம், போர்த்துகீசியம் என்று மொழிகளும் பல. அவற்றை மிதித்துவிடக் கூடாதே என்று ஒதுங்கி ஒதுங்கி நடப்பவர்கள் உண்டு. ஆனால் அந்தப் பலகைகளுக்குக் கீழே, அவற்றில் பெயர் உள்ளவர்கள் இல்லை. அவர்களைப் புதைத்த இடம் சிறிது தொலைவு தள்ளி, உயர் நீதிமன்றத்தை ஒட்டிய பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. கல் கோட்டைக்குள் வந்துவிட்டது, உடல் பழைய இடத்திலேயே தங்கிவிட்டது.

பழைய ஆலயத்தையும் அதன் கல்லறை முற்றத்தையும் காக்க வேண்டும் என்று பேசும்போதெல்லாம் நாம் ஒரே பொருளைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொள்கிறோம். கட்டடம், கல், இடம், எழுத்து என்று அது நான்கு பொருள். ஒவ்வொன்றும் வெவ்வேறு வழியில் பிழைக்கிறது, வெவ்வேறு வழியில் அழிகிறது. இதைப் பிரித்துப் பார்க்கத் தூய மரியாள் ஆலயத்தைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் இல்லை.

முதலில் கட்டடம். 1640 வாக்கில் கிழக்கிந்தியக் கும்பினியார் கோட்டை கட்டத் தொடங்கிய பிறகும் நாற்பது ஆண்டுகள் அவர்களுக்கென்று தனி ஆலயம் இல்லை. பண்டகசாலைக் கட்டடத்தின் ஓர் அறையில் ஆராதனை நடந்துகொண்டிருந்தது. 1678இல் கவர்னராக வந்த ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் லண்டனில் உள்ள முதலாளிகளின் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. தாமே பணம் போட்டு, கோட்டையில் இருந்தவர்களிடமும் வசூல் செய்து வேலையைத் தொடங்கிவிட்டார். 1678 மார்ச் 25, மரியாளுக்குத் தேவதூதன் நற்செய்தி சொன்ன திருநாள். அன்று தொடங்கியதால்தான் ஆலயத்துக்கு மரியாளின் பெயர். 1680 அக்டோபர் 28 அன்று பிரதிஷ்டை நடந்தது. சூயஸுக்குக் கிழக்கே நிற்கும் மிகப் பழைய ஆங்கிலிக்கன் ஆலயம் என்ற பெயர் அதற்கு இன்றும் உண்டு.

கட்டட வரைவு கோட்டையின் பீரங்கிப் படையைச் சேர்ந்த ஒருவருடையது என்பார்கள். பார்த்தாலே நம்பத் தோன்றும். வெளிச்சுவர் நான்கடிக் கனம். கூரை ஏறக்குறைய இரண்டடிக் கனமுள்ள அரைவட்ட வளைவு மாடம், குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டும் என்ற கணக்கில் போட்டது. கதவு, சன்னல் தவிரக் கட்டுமானத்தில் மரத்துக்கு இடமே கொடுக்கவில்லை. தீ பிடிக்காது, கரையான் அரிக்காது. சென்னையின் பழைய வீடுகளில் தேக்கு உத்திரம் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரைகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருக்கையில், அவற்றைவிட மூத்த இந்தக் கூரை நிற்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். கோபுரமும் அதன் கூர்முனையும் பிற்காலச் சேர்க்கை. போரில் அடிபட்டுத் திருத்தப்பட்டு, இப்போதுள்ள வடிவத்துக்கு 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்தவை.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதைக் கற்கோயில் என்றே நினைப்பார்கள். உள்ளே இருப்பது செங்கலும் சுண்ணாம்பும். கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பை நாள்கணக்கில் அரைத்து, பல பூச்சாகப் பூசி, மேல்பூச்சைப் பளிங்குபோல் மினுங்கும்வரை தேய்த்து மெருகேற்றுவது சோழமண்டலக் கொத்தனார்களின் கைவேலை. 'மெட்ராஸ் சுனம்' என்று வெள்ளைக்காரர்கள் வியந்து எழுதியது இதைத்தான். மாஸ்டரின் பெயர் தெரியும், பீரங்கிக்காரர் யார் என்பது பற்றி வாதம்கூட இருக்கிறது. சுண்ணாம்பு அரைத்தவர்கள், மாடம் வளைத்தவர்கள் யாருடைய பெயரும் எந்தக் கல்லிலும் இல்லை.

கட்டடம் பிழைத்ததற்கு மீதிப் பாதிக் காரணம், அது ஒருபோதும் வெறுமையாகக் கிடக்கவில்லை என்பது. 1680 முதல் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றுக்கு ஆலயப் பதிவேடு தொடர்ந்தது. முதல் திருமணப் பதிவு 1680 நவம்பர் 4 தேதியிட்டது. மணமகன் எலிஹு யேல், மணமகள் அதே ஆண்டில் கணவனை இழந்த கேத்தரின் ஹின்மர். வங்காளத்திலிருந்து விரட்டப்பட்டு இங்கே ஒதுங்கிய ஜாப் சார்னாக் 1689இல் தம் பெண் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கச் செய்ததும் இங்கேதான். 1753 பிப்ரவரியில் ராபர்ட் கிளைவுக்கும் மார்கரெட் மாஸ்கலினுக்கும் திருமணம் செய்து வைத்தவர் ஜெர்மானிய மிஷனரி ஃபப்ரீசியஸ். தமிழ் வேதாகமத்தையும் தமிழ் அகராதியையும் நமக்குத் தந்த அதே ஃபப்ரீசியஸ். கிளைவின் கலியாணத்துக்காக அவரை நினைவு வைத்திருப்பவர் யாருமில்லை. ஆனால் கோட்டை வாழ்க்கையும் தமிழ்ப் படிப்பும் எப்படி ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன என்பதற்கு அந்த ஒரு பதிவு போதும்.

இன்று ஆலயம் தென்னிந்தியத் திருச்சபையின் வழிபாட்டு இடம். தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் ஒன்றும்கூட. இரு தரப்புக்கும் இடையே உரசல் வருவது இயல்புதான். சபைக்கு மின்விசிறி வேண்டும், ஒலிபெருக்கி வேண்டும், சுவருக்கு வெள்ளை வேண்டும். துறைக்கு ஓர் ஆணி அடிப்பதானாலும் கோப்பு வேண்டும். என் கணிப்பில் இந்த உரசல் நல்லது. வழிபாடு நின்றுபோன ஆலயத்தில் மழைநீர் ஒழுகினால் அதை முதலில் பார்ப்பது வௌவால்தான்.

முற்றத்தின் கதை வேறு. கும்பினியாரின் பழைய இடுகாடு கோட்டைக்கு வெளியே, அன்றைய கறுப்பர் நகரத்தை ஒட்டி இருந்தது. மாடமும் தூணும் கூர்ங்கோபுரமுமாகப் பெரிய பெரிய சமாதிகள். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்து மூன்று ஆண்டுகள் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். கோட்டைக்கு அருகே கட்டடம் இருந்தால் எதிரிக்கு மறைவிடம் ஆகும் என்பது இரு தரப்புக்கும் புரிந்துவிட்டது. கறுப்பர் நகரத்தில் கோட்டையை ஒட்டிய பகுதி இடிபட்டு வெட்டவெளி ஆயிற்று. அந்த இடிப்பில் போனவற்றில் பட்டணத்துக் கோயிலான சென்னகேசவப் பெருமாள் கோயிலும் ஒன்று. பின்னர் மணலி முத்துகிருஷ்ண முதலியார் முயற்சியில் சென்னகேசவருக்கும் சென்ன மல்லீசுவரருக்குமாக இன்றைய தேவராஜ முதலி தெருப் பக்கம் இரட்டைக் கோயில் எழுந்தது. பழைய கோயில் இருந்த இடத்தில் பிற்காலத்தில் வந்தது உயர் நீதிமன்றம்.

இடுகாட்டை மட்டும் உடனே தொடவில்லை. அதற்கான விலையை 1758 டிசம்பரில் கொடுத்தார்கள். லாலியின் தலைமையில் முற்றுகையிட்ட பிரெஞ்சுப் படையினர் அந்தச் சமாதிகளை மறைவாக வைத்துக்கொண்டு கோட்டையைச் சுட்டார்கள். 1759 பிப்ரவரியில் முற்றுகை விலகியதும் ஆங்கிலேயர்கள் தங்கள் முன்னோர் சமாதிகளைத் தாங்களே இடித்துத் தள்ளினார்கள். எழுத்துள்ள மேற்பலகைகளை மட்டும் பெயர்த்துக் கொண்டுவந்து ஆலயத்தைச் சுற்றிப் பாவினார்கள். அத்தோடும் விடவில்லை. ஹைதர் அலி கர்நாடகத்தில் இறங்கிய 1780களின் தொடக்கத்தில், பீரங்கி நிறுத்தத் தளம் வேண்டும் என்று சில பலகைகளை முற்றத்திலிருந்தும் பெயர்த்துக் கொத்தளத்துக்கு ஏற்றினார்கள். போர் ஓய்ந்த பிறகுதான் அவை திரும்பவும் முற்றத்துக்கு இறங்கின.

ஆகவே அங்கே இப்போது பாவியிருக்கும் வரிசைக்கு அடக்கத்தின் வரிசையோடு சம்பந்தமில்லை. கணவன் ஒரு மூலையிலும் மனைவி இன்னொரு மூலையிலும் கிடக்கலாம். இந்தியாவிலுள்ள ஆங்கிலேயக் கல்லறைக் கற்களில் மிகப் பழையது என்று கருதப்படும் எலிசபெத் பேக்கரின் 1652ஆம் ஆண்டுக் கல்லும் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறது. ஒரு பலகையின் அருகில் குந்தி உட்கார்ந்து பார்த்தால் செதுக்கியவரின் கை தெரியும். இலத்தீன் எழுத்தைப் படிக்கத் தெரியாத உள்ளூர்ச் சிற்பி எழுதிக் கொடுத்ததை அப்படியே வடித்திருக்க வேண்டும் என்று ஊகிக்கத் தோன்றும் இடங்கள் உண்டு. வரியின் முடிவில் இடம் போதாமல் எழுத்து நெருங்குகிறது, சொல் நடுவில் உடைந்து அடுத்த வரிக்குப் போகிறது. உச்சி வெயிலில் இவை ஒன்றும் தெரியாது. காலை வெயில் சாய்வாக விழும்போது வெட்டின் ஓரம் நிழல் போட்டு எழுத்து எழுந்து வரும். மழை விட்ட சற்று நேரத்திலும் பள்ளத்தில் தேங்கிய நீரால் படிக்க முடியும்.

ஆலயத்துக்கு உள்ளே நிலைமை நேர்மாறு. 1776இல் தம் சொந்த ஆலோசனை சபையாரால் சிறைவைக்கப்பட்டு, 1777இல் அந்தக் காவலிலேயே இறந்த கவர்னர் பிகட் பிரபு உள்ளே அடக்கம் ஆனார், பெயர் பொறிக்காத கல்லின் கீழே. வெளியே உடல் இல்லாத பெயர்கள், உள்ளே பெயர் இல்லாத உடல். சர் தாமஸ் மன்றோ 1827இல் பத்திகொண்டாவில் வாந்திபேதியில் இறந்து குத்தியில் புதைக்கப்பட்டார். நான்கு ஆண்டு கழித்து 1831இல் அவருடைய எச்சங்களை எடுத்து வந்து இங்கே வைத்தார்கள். தஞ்சாவூரில் 1798இல் இறந்த மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயருக்குக் கும்பினியார் இங்கே ஒரு பளிங்குச் சிற்பம் வைத்தார்கள், அவர் உடலோ தஞ்சையில். நினைவும் உடலும் ஒரே இடத்தில்தான் இருந்தாக வேண்டும் என்று இந்த ஆலயம் ஒருபோதும் பிடிவாதம் பிடித்ததில்லை.

1759இல் இடிக்காமல் விட்டவை இரண்டு. ஒன்று பௌனி குடும்பத்து நிலவறை. மற்றது யேல், ஹின்மர் சமாதி. எலிஹு யேலின் மகன் டேவிட் நான்கு வயதுகூட நிரம்பாமல் இறந்தபோது, தாயின் முதல் கணவர் ஜோசப் ஹின்மரின் சமாதியிலேயே அவனையும் வைத்தார்கள். தந்தை யேல் பின்னாளில் அமெரிக்காவில் ஒரு சிறு கல்லூரிக்கு ஒன்பது பொதி சரக்கும் 417 புத்தகங்களும் ஜார்ஜ் மன்னரின் படமும் அனுப்பினார். 1718இல் அந்தக் கல்லூரி அவர் பெயரைச் சூடிக்கொண்டது. மதராஸில் அவர் பணம் சேர்த்த விதம் பற்றி அவர் காலத்திலேயே முணுமுணுப்பு இருந்தது. அடிமை வணிகத்தோடு தனக்கிருந்த தொடர்புகளை ஆராய்ந்து 2024இல் அந்தப் பல்கலைக்கழகமே நூலாக வெளியிட்டு மன்னிப்பும் கேட்டது.

சமாதி தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக் கூடாது என்கிறது தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டத்தின் 2010ஆம் ஆண்டுத் திருத்தம். சட்டக் கல்லூரி ஊருக்கு வெளியே போன பிறகு அந்த வளாகம் நீதிமன்றத்தின் கைக்கு வந்தது. வழக்கறிஞர்களுக்கும் வழக்காட வருவோருக்கும் வண்டி நிறுத்த அங்கே அடுக்குக் கட்டடம் கட்ட இடம் தேவைப்பட்டது. குறுக்கே நின்றது சமாதி. 2023இல் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, இதற்குத் தொல்லியல் மதிப்போ கலை மதிப்போ இல்லை என்று கருதி, வேறிடத்துக்கு மாற்றும்படி உத்தரவிட்டார். வழக்கின் போக்கை விட்டுவிடுவோம். எழுந்த கேள்வி நேர்மையானது. நூற்றுக்கு மேற்பட்ட கற்கள் ஏற்கெனவே நகர்ந்துவிட்டன, இன்னும் ஒன்று நகர்ந்தால் என்ன?

நெரிசலில் வண்டி நிறுத்த இடம் தேடி அலைந்தவர்களுக்கு அந்தக் கேள்வி சிறியதல்ல. கலை என்று பார்த்தாலும் அந்தச் சமாதி சாதாரணம்தான், நாலு பேர் நின்று ரசிக்கும் வேலைப்பாடு அதில் இல்லை. ஆனாலும் அது இருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும் என்பது என் முடிவு. முற்றத்துக் கற்களுக்குத் தங்கள் இடம் இல்லாமல் போனதாலேயே, அந்த இடத்தைக் காட்ட மிச்சமிருக்கும் ஓரிரு அடையாளங்களுக்கு மதிப்பு கூடுகிறது. சமாதியை எடுத்துவிட்டால் சென்னையின் முதல் நூறாண்டு இடுகாடு எங்கே இருந்தது என்று தரையில் காட்ட வேறு வழி குறைந்துவிடும். அந்த இடத்தைச் சுற்றிய பழைய நகரத்துக்கும் அதே கதிதான். கறுப்பர் நகரம் இடிந்த கதையைச் சொல்ல அங்கே வேறு என்ன நிற்கிறது? இடித்த வெளியின் எல்லையைக் குறிக்க 1773இல் நட்ட தூண்களில் ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தின் மூலையில் நிற்கிறது, தெரிந்தவர்கள் தேடிப் பார்த்தால்.

வெள்ளைக்காரன் சமாதியை நாம் ஏன் காக்க வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்கு யேலைப் புனிதராக்கிப் பதில் சொல்ல முனைவது வீண்வேலை. யேல் காலத்துக் குற்றங்களுக்கு இங்கே கிடைக்கும் கண்கூடான சாட்சியங்கள் கொஞ்சம்தான், அவற்றையும் நாமே அழித்துக் கொடுக்க வேண்டியதில்லை.

கரையோரத்தின் மற்ற இடங்களை இதோடு வைத்துப் பார்க்கலாம். பழவேற்காட்டில் 1613இல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்ட்ரியா கோட்டை மண்மேடாகிவிட்டது, இடுகாடு தப்பிவிட்டது. அதன் வாயிலில் எலும்புக்கூட்டு உருவங்கள் இரண்டு நிற்கின்றன, வருகிறவர்களெல்லாம் முதலில் படம் பிடிப்பது அவற்றைத்தான். கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்தில் கோட்டைக்குள்ளேயே கல்லறைகள். இரண்டிலும் தொல்லியல் துறையின் வேலியும் காவலும் உண்டு. ஆனால் அந்தப் பெயர்களுக்கு உரிமை கொண்டாட ஒரு சபையோ குடும்பமோ ஊரில் இல்லை. தரங்கம்பாடி அப்படியல்ல. 1706இல் வந்த மிஷனரி சீகன்பால்க், 1718இல் பிரதிஷ்டை ஆன புது எருசலேம் ஆலயத்தில், பீடத்தின் அருகே 1719இல் அடக்கமானார். அவர் இன்றும் அங்கேயே இருக்கிறார், சபையும் அங்கேயே இருக்கிறது. கடல் அந்த ஊரைத் தின்றுகொண்டே வந்தபோதும், 2004இல் சுனாமியாக ஏறியபோதும் ஆலயம் நின்றது. ஜூலை 9 அன்று சீகன்பால்க் கரையிறங்கிய நாளைக் கொண்டாட ஆள் வருகிறார்கள். எந்தச் சட்டமும் தராத பாதுகாப்பு இது.

கல்லைப் பொறுத்தவரை சென்னைக்கு ஒரு கொடுப்பினை உண்டு. பல்லாவரத்துக் குன்றுகளின் கருநீலப் பாறை கடினமானது, கடற்காற்றுக்கு எளிதில் பொரியாதது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குக்கூட இங்கிருந்துதான் கல் போயிற்று. புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1890களில் அந்தக் கல்லை ஆராய்ந்து, அந்தப் பாறை வகைக்கே சார்னாகைட் என்று பெயரிட்டார். மிதியடியும் வெயிலும் மழையும் மூன்று நூற்றாண்டு விழுந்த பிறகும் பல எழுத்துகள் படிக்கக் கிடைப்பதற்குக் கடினக் கல்லுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

கெடுதல் பெரும்பாலும் நல்ல எண்ணத்தோடு வருகிறது. எழுத்து தெரியவில்லையே என்று கம்பித் தூரிகையால் தேய்ப்பது, அமிலம் ஊற்றிக் கழுவுவது, எண்ணெய் பூசுவது, பள்ளத்தில் பெயின்ட் நிரப்புவது எல்லாமே கல்லின் மேல்தோலை உரித்துவிடும். மென்மையான தூரிகையும் வெறும் தண்ணீரும் போதும். சுவருக்கு எதிரி சிமென்ட். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி மெல்ல வெளியே விடும் இயல்புள்ளது. விரிசலில் சிமென்ட் அப்பினாலோ மேலே செயற்கைப் பெயின்ட் அடித்தாலோ ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும். கடலோரத்தில் அந்த ஈரத்தோடு உப்பும் சேர்ந்திருக்கும். உப்பு உள்ளே படிகமாகிப் பூச்சைப் பிளந்து தள்ளும், பின்னால் இருக்கும் செங்கல்லையும் பொடியாக்கும். சரியான மருந்து பழைய மருந்தேதான்: நன்றாக நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு, கடுக்காய் நீர், பனைவெல்லம். கிடைக்காதது சரக்கு அல்ல, அதைப் பதம் பார்த்துப் பூசத் தெரிந்த கொத்தனார். அவருக்கும் ஒப்பந்தப்புள்ளியில் சதுர அடிக் கூலிதான். ஒரு பூச்சு காயும்வரை காத்திருக்கும் நாள்களுக்கு யார் காசு தருவார்கள்?

கடைசியாக எழுத்து. கட்டடம், கல், இடம் மூன்றையும்விட இதுவே உறுதியாக நின்றிருக்கிறது. ஐ.சி.எஸ். அதிகாரி ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905இல் சென்னை மாகாணத்துக் கிறித்தவக் கல்லறைப் பொறிப்புகளைத் தொகுத்து வெளியிட்டார். வாசகத்தைப் படியெடுத்ததோடு அவர் நிற்கவில்லை. யார், என்ன வேலை, எப்படி இறந்தார், யாரோடு என்ன வழக்கு என்று குறிப்பும் எழுதினார். சற்று முன் பின்னாக ஃபிராங்க் பென்னி ஆலய வரலாற்றையும், ஹென்றி டேவிசன் லவ் கோட்டை ஆவணங்களையும் திரட்டினார்கள். இன்று ஒரு பலகை பொரிந்து எழுத்து மறைந்தாலும் அதில் என்ன இருந்தது என்று சொல்ல முடிவது காட்டனால்தான். பிரிட்டனில் 1970களின் பிற்பாதியில் தொடங்கிய தெற்காசியக் கல்லறைகளுக்கான சங்கமும் பதிவு செய்வதையே முதல் வேலையாக எடுத்துக்கொண்டது. இந்தியாவின் எல்லாப் பழைய கல்லறைகளையும் பழுதுபார்க்கப் பணம் யாரிடமும் இருக்கப்போவதில்லை என்ற நிதானம் அவர்களுக்கு இருந்தது.

இந்த நிதானத்தைச் சென்னையும் கடன் வாங்கலாம். செய்ய வேண்டியதில் பெரும்பகுதிக்கு அதிகச் செலவே இல்லை. காட்டன் தொகுப்பின் ஒவ்வொரு எண்ணும் முற்றத்தில் எந்தக் கல் என்று ஒப்பிட்டு வரைபடம் போட வேண்டும். சாய்வொளியில் ஒவ்வொரு பலகையையும் படம் எடுக்க வேண்டும். ஞாயிறு ஆராதனைக்கு வருபவர்கள் நடக்கும் வழியை, எழுத்து தேய்ந்துவரும் பலகைகளை விட்டு இரண்டடி தள்ளிப் போட வேண்டும். ஆலயத்தின் அடக்கப் பதிவேட்டோடு கற்களை இணைத்துப் பார்த்தால் கல்லே வைக்கப்படாதவர்களின் பட்டியலும் கூடவே கிடைக்கும், சிப்பாய்கள், மாலுமிகள், குழந்தைகள் என்று. பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் எந்தக் கட்டடம் எழுந்தாலும், கடைக்கால் தோண்டும் முன் அந்தப் பட்டியல் பொறியாளரின் மேசைக்கும் போக வேண்டும்.